கூறுள்ள ஆள்

மட்டாஞ்சேரிக்கு நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தெரிந்த மலையாள வார்த்தைகளைவிட, தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்ட வார்த்தைகள்தான் அதிகம். தமிழ் மாதிரியே காதில் விழும். அர்த்தம் மட்டும் வேறாக இருக்கும். படகுத்துறையை அங்கே எல்லாரும் ஜெட்டி என்பார்கள். மாலையில் ஜெட்டியில் காத்தாட உட்காரலாம் வா என்று என் கணவர் கூப்பிட்ட அன்று எனக்கு வந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் என்னை நிஜமாகக் கவிழ்த்த வார்த்தை 'கூறு'.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அங்கே கூறு என்றால் புத்தி. புத்தியில்லாத ஆளைக் கூறு கெட்டவன் என்போம். பொழுது விடிந்து பொழுது போனால் என் அம்மா என்னை அப்படித்தான் ஏசுவாள். ஆகவே, வாசலில் மத்தி மீன் விற்க வந்த அம்மாள் எதிர்வீட்டுக்காரரைக் காட்டி, "அயாளு நல்ல கூறுள்ள ஆளாக்கும், கேட்டோ" என்று சொன்னபோது எனக்கு மெத்த சந்தோஷம். எதிர்வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம், அதிலும் புத்திசாலி என்று மீன்காரியே சர்டிபிகேட் கொடுக்கிற மனிதர். வேறென்ன வேண்டும்?

அன்று சாயங்காலமே யோசனை கேட்கப் போய்விட்டேன். என் கணவர் மிளகுக் கம்பெனி ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கு முடி வெட்ட, முகம் மழிக்க நல்ல கடை எது என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு கணம்கூட யோசிக்காமல் வளைவுக்கு அப்பால் ஒரு கடையைச் சொன்னார். மறுநாள் என் கணவர் அங்கே போய்விட்டு, கன்னத்தில் இரண்டு இடத்தில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கடைக்காரருக்குக் கை நடுக்கம், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது.

"யார் சொன்னா இந்தக் கடையை?"

"எதிர்வீட்டு அண்ணாச்சிதான். கூறுள்ள ஆளுன்னு மீன்காரம்மா சொன்னா."

என் கணவர் காகிதத்தைப் பிய்த்தபடி என்னைப் பார்த்தார். "ஏட்டி கூறு கெட்டவளே, இங்க கூறுன்னா விசுவாசம். அந்த மனுசன் முப்பது வருசமா அதே கையில கழுத்தக் கொடுக்காரு. அவர் மூஞ்சியப் பாக்கலையா நீ?"

பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து நன்றாகவே பார்த்தேன். அவர் தாடையில் எப்போதும் ஒரு புதுக் கீறல் இருக்கும். கேட்டால், "அவன் எனக்கு முதல் ஷேவ் செய்ஞ்ச ஆளு மோளே. கழுத்து ஒருத்தன்கிட்ட கொடுத்தாச்சுன்னா பின்னே மாத்தப்படாது" என்பார். மோளே என்றால் மகளே.

அவர் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர். எர்ணாகுளத்துக்குப் போகிற படகுகளுக்குச் சின்னச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். நெட்டையான ஆள். முதுகு வளையாது. வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிட்டேன். அண்ணாச்சி என்ற சொல் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. நாலு தலைமுறைக்கு முன்பே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. பேசுவது தமிழா மலையாளமா என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

அந்த வட்டாரத்தில் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. நான் அங்கே இருந்த வருஷங்களில் அது ஜெயித்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே ஆடுகிற பையன்களின் சொந்தக்காரர்கள்கூட எழுந்து போய்விடுவார்கள். அண்ணாச்சி மட்டும் கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்து, கைதட்டிவிட்டு வருவார். மதினி சொல்வாள், "அவங்க தோக்கறது நிறுத்தினா இவர் ஆசுபத்திரில கிடப்பார்."

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நான், ஒரு மழைக்காலத்தில் வாயை மூடிக்கொண்டேன். என் கணவர் தன் தாயாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போக வேண்டி வந்தது. நான் வயிற்றுப் பிள்ளைக்காரி. போகிற அவசரத்தில் எதிர்வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி, இவள ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். "நோக்கிக்கறேன், நீ போ" என்றார் அவர்.

அன்று தொடங்கி, தினமும் வேலை முடிந்து வரும்போது எங்கள் வாசலில் நின்று, "மோளே, ஓகேயா?" என்பார். "ஓகே அண்ணாச்சி" என்று நான் உள்ளிருந்து சொன்னால்தான் தன் வீட்டுப் படி ஏறுவார். சந்தில் முழங்கால் தண்ணீர் ஓடிய நாளிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். என் கணவர் ஊரிலிருந்து திரும்பினார். அண்ணாச்சியின் குரல் நிற்கவில்லை. குழந்தை பிறந்தது. பெயர் வைத்தோம். குழந்தை குப்புற விழுந்தது. "மோளே, ஓகேயா?" தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாள் நான் மதினியிடம் சாடையாகக் கேட்டேன். அவள் அவரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "நோக்கிக்கோன்னு பறஞ்சான், மதின்னு பறயலையேன்னு சொல்றார்."

பறஞ்சான் என்றால் சொன்னான். மதி என்றால் போதும். என் கணவர் முறையாக எதிர்வீட்டுக்குப் போய், "போதும் அண்ணாச்சி, மதி, ரொம்ப உபகாரம்" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து குரல் நின்றது. அந்த நேரம் வந்தால் நான் பல நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

படகுத்துறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'ராஜாவின்டெ ஆளு'. ராஜாவின் ஆள். மட்டாஞ்சேரியில் கொச்சி மகாராஜாவின் அரண்மனை இருக்கிறது. இவர் அங்கே காவல்காரராக இருந்திருப்பார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அந்த ராஜா இல்லை. இவருடைய ராஜா கடலுக்கு அப்பால் இருந்த வெள்ளைக்கார ராஜா.

அந்தக் காலத்தில் ஃபோர்ட் கொச்சி நேராக வெள்ளைக்காரனுக்குச் சொந்தம். அடுத்தாற்போல் இருக்கும் மட்டாஞ்சேரி மகாராஜாவுக்குச் சொந்தம். ஒரு சந்தைக் கடந்தால் ராஜா மாறிவிடுவார். அண்ணாச்சி பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்ததாம்; பிள்ளைகளுக்கெல்லாம் ராஜா முகம் போட்ட தகர டப்பாவில் மிட்டாய் கொடுத்தார்களாம். அந்த டப்பா அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில், அடுப்புக்கு எதிரே இருந்தது. மதினி அதில் அச்சப்பம் போட்டு வைப்பாள். நம் ஊரில் அச்சு முறுக்கு என்போமே, அதுதான். ராஜாவின் ஒரு காது துருப்பிடித்துப் போயிருந்தது. "மாமனார் மாதிரி தினம் இவர் மூஞ்சி துடைக்கணும் எனக்கு" என்று மதினி சலித்துக்கொள்வாள். ஆனால் துடைப்பாள்.

"மிட்டாயிக்கு விலை போன ஆளு" என்று துறையில் சுமைதூக்குகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் கோபப்பட மாட்டார். மிட்டாய் நல்ல மிட்டாய் என்பார்.

கிண்டலுக்குக் காரணம் மிட்டாய் மட்டுமில்லை. வாலிபத்தில் அவர் கப்பற்படையில் இருந்தார். கொடி ஏற்றி இறக்கிச் செய்தி சொல்கிற சிக்னல் வேலை. சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் பம்பாயில் கப்பற்படைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். சேதி கொச்சிக்கு வந்ததும் இங்கிருந்த முகாமிலும் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கொடிமரத்துக்குக் கீழே கூடிவிட்டார்கள். ராஜாவின் கொடியை இறக்க வேண்டும். கொடிமரத்தில் அன்று காவல் அண்ணாச்சி. அவர் கயிற்றை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒருத்தர். கடைசியில் கொடி இறங்கத்தான் செய்தது. ஆனால் கயிற்றைப் பிடித்தவர் என்ற பேர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

"வெள்ளைக்காரன் மேல அவ்வளவு ஆசையா அண்ணாச்சி?" என்று நான் ஒரு தடவை வெட்கமில்லாமல் கேட்டேன்.

"ஆசையா? சோத்துல கல்லு கிடந்தது ஸத்யம். எங்கள பட்டின்னு ஏசினது ஸத்யம். ஸமரம் நூறு சதவீதம் ஞாயம்" என்றார். பட்டி என்றால் நாய். ஸமரம் என்றால் வேலைநிறுத்தம். "வெறும் கூலிக்கு நின்னிருந்தா ஞானும் ஸமரத்துக்கு போயிருப்பேன். பட்சே, சேரும்போ கையத் தூக்கி ராஜாவுக்குக் கூறா இருப்பேன்னு சத்தியம் செய்ஞ்சுட்டேனே மோளே. சோறு நல்லா இருந்தா மட்டும்னு சொல்லிட்டா செய்ஞ்சேன்?"

நாடு குடியரசானபோது படையில் எல்லாரும் புதுச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். புதுச் சத்தியம் ரொம்ப நல்ல சத்தியம் என்றுதான் சொல்வார். தனக்கு இருப்பது ஒரு நாக்கு என்பார். அதோடு பென்ஷனும் போயிற்று. மதினிக்கு அந்த வருத்தம் உண்டு. ஆனால் ஆகஸ்ட் பதினைந்துக்குப் படகுத்துறையில் கொடி ஏற்ற, மூவர்ணக் கொடியை மடித்துக் கட்டிக் கொடுப்பது அவர்தான். இழுத்தவுடன் பூ சிதற விரியும். விரிந்ததும் முதலில் சல்யூட் அடிப்பவரும் அவர்தான்.

அவர் வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிறை போல ஒரு தழும்பு இருந்தது. டிக்கெட் வாங்குகிற எல்லார் கண்ணிலும் படும். யார் கேட்டாலும் ஒரே பதில்: "நாய் கடிச்சது."

என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், இடக்கொச்சியிலிருந்து ஒரு பெண் அண்ணாச்சி வீட்டைத் தேடி வந்தாள். இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. கையிலிருந்து அந்த வாடை போகவில்லை என்று கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். மதினியோடு அரிசி புடைத்துக்கொண்டு நானும் அங்கேதான் இருந்தேன். அவள் மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

அவளுடைய அப்பனும் அண்ணாச்சியும் கப்பற்படையில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். அன்று கொடிமரத்தில் ராஜாவின் கொடியை இறக்கியது அவள் அப்பன்தான். கலகம் அடங்கியதும், சந்தேகப்பட்ட கும்பலோடு சேர்த்து அவரையும் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீன் பிடித்துப் பிழைத்தார். இப்போது நெஞ்சு கெட்டுப்போய், வஞ்சிப் படகில் ஏற முடியாமல் கிடக்கிறார். கலகம் செய்த கப்பற்படைக்காரர்களுக்கும் தியாகி பென்ஷன் உண்டு என்று யாரோ சொல்லி, தாலூகா ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். அன்று கூட இருந்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் எங்கே என்றே தெரியாது.

"பென்ஷன் வராட்டியும் போகட்டும்" என்றாள் அந்தப் பெண். "அப்பன் கொடி இறக்கின கதையை ஊரில் புளு என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட, 'இன்னைக்குக் கொடி இறக்கலையா தாத்தா?' என்று கேட்டுவிட்டு ஓடுகின்றன. அப்பன் இப்போது அந்தக் கதையைச் சொல்வதே இல்லை. புளுவன் என்ற பேரோடு சாகப்போகிறேன் என்று அழுகிறார்."

புளு என்றால் அளப்பு, கட்டுக்கதை.

அண்ணாச்சி முகம் வெளுத்திருந்தது. "அவனா உன்னை அனுப்பினது?"

அவள் தலை குனிந்தாள். தான் வந்தது அப்பனுக்குத் தெரியாது என்றாள். அப்பன் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பது, வெள்ளைக்கார ஆபீசரிடம் தன்னைக் காட்டிக் கொடுத்தது அண்ணாச்சிதான் என்று. மட்டாஞ்சேரிப் பேரைச் சொன்னாலே காறித் துப்புவாராம்.

அவள் போன பிறகு அண்ணாச்சி சமையலறையில் வந்து உட்கார்ந்தார். அரிசி புடைப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அவர் வலது கையை எங்கள் முன்னால் நீட்டினார். "இது நாயில்ல. அவன் பல்லு. கயிறு ஞான் விடலை. அவன் கடிச்சான். பின்னெயும் விடலை. எலும்பு வரைக்கும் கடிச்சான். அப்போதான் கை தன்னால திறந்தது."

மதினி தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் அவளுக்கும் நாய்தான்.

"பின்னே விசாரணை வந்தது. ஆபீசர் கேட்டார், கொடிய இறக்கினது யாரு? நீ கயிறுகிட்ட நின்னியே, உனக்குத் தெரியும்னு. பேர் சொன்னா அவனை ஜெயில்ல இடுவான். ஞான் பறஞ்சேன், காத்து, ஸார். காத்துல இறங்கிடுச்சு."

"அப்போ நீங்கதான காப்பாத்தியிருக்கீங்க!" என்றேன் நான். "இத்தனை வருசமா அவர்ட்ட ஏன் சொல்லல?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சொன்னா என்ன செய்வான்? ஓடி வந்து கையப் பிடிச்சுக்குவான். பொய்க்குக் கூலி வாங்கறது போல இல்லையா அது? ராஜாவோட ஆபீசர் முகத்துல நோக்கி ஞான் கள்ளம் பறஞ்சேன் மோளே. சத்தியம் செய்ஞ்சவன். ஆயுசுல ஒரே ஒரு தடவ கூறு மாறினேன். அதுக்கு சம்மானமும் வேணுமா?"

கூறு மாறுவது என்றால் கட்சி மாறுவது. கோர்ட்டில் சொன்னதை மாற்றிச் சொல்கிற சாட்சியை மலையாளப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதும். படகுத்துறையில் யாராவது அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நம்முடெ ராஜாவின்டெ ஆளு மாத்ரம் மாறில்லா" என்று சன்னல் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். அது கிண்டல்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு கர்வம் தெரியும். நான் கண்டிருக்கிறேன். சாட்சிக்குப் போய், அந்தப் பெண்ணின் அப்பன் ஜெயிலுக்குப் போகாமல் எப்படித் தப்பினார் என்று யாராவது கேட்டுவிட்டால், அந்தக் கர்வத்தைச் சபையில் போட்டு உடைக்க வேண்டும்.

அந்த வாரம் அவர் பந்தாட்டத்துக்குப் போகவில்லை. ஒரு தடவை மட்டும் என்னைக் கூப்பிட்டு, "ஒருதடவ பொய் சொன்னவன் சாட்சி செல்லுமா?" என்று கேட்டார். பிறகு ஒரு காலையில் தன் பழைய கடைக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு, தாடையில் இரண்டு கீறலோடு வந்து, மதினியிடம் இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்டார். துணைக்கு நானும் வரவேண்டும் என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாலூகா ஆபீசில் இடக்கொச்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுத்து வற்றிய உடம்பு. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார். மகள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீசர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. அண்ணாச்சி நின்றுகொண்டே எல்லாம் சொன்னார். தான் கயிற்றைப் பிடித்தது, இவன் பிடுங்கியது, இவன்தான் கொடியை இறக்கியது. இத்தனை தைரியமுள்ள ஆளைத் தான் அதற்கப்புறம் கண்டதில்லை என்றும் சொன்னார். சன்னல் பக்கம் திரும்பியிருந்த தலை அசையவில்லை.

ஆபீசர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, நாங்கள் பயந்த கேள்வியைக் கேட்டார். ராஜாவின் கொடியை எல்லார் கண் முன்னாலும் இறக்கியவனை, வெள்ளைக்காரன் ஜெயிலில் போடாமல் ஏன் சும்மா வீட்டுக்கு அனுப்பினான்?

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதினியின் விரல்கள் என் கையில் இறுகின. அண்ணாச்சி குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, அட்டென்ஷனில் நின்றார்.

"ஞான் கள்ளம் பறஞ்ஞு, ஸார். ராஜாவின்டெ ஆபீசரோடு. கொடி காத்துல இறங்கிச்சுன்னு பறஞ்சேன்."

"அவர் நம்பினாரா?"

"இல்ல ஸார். என் கைக்கட்டு நோக்கி, இதென்னான்னு கேட்டார்."

"எந்து பறஞ்ஞு?"

"பட்டி கடிச்சூன்னு பறஞ்ஞு, ஸார்."

சன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். இடக்கொச்சிக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன. அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் அண்ணாச்சியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"ஞான் பட்டியோடா?"

"பின்னே, நின்டெ பேரு பறயணோ?" என்றார் அண்ணாச்சி, அட்டென்ஷனைக் கலைக்காமல்.

இடக்கொச்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணாச்சி அவர் பக்கம் போகவில்லை. ஆபீசர் போகலாம் என்று சொன்னதும் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போனார். சற்று நேரம் கழித்து மதினி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அலமாரியில் அந்தத் தகர டப்பா, ராஜாவின் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மதினி அதைத் துடைக்க எடுத்தால் சரி, வைக்கும்போது அப்படியேதான் வைக்க வேண்டும். அவருடைய உத்தரவு. துறையில் விஷயம் பரவிவிட்டது. யாரோ 'கூறு மாறிய சாட்சி' என்று ஒரு தடவை கூப்பிட்டார்களாம். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாராம். வழக்கமாகச் சிரிப்பவர்களுக்கே அன்று சிரிக்க வரவில்லை என்று என் கணவர் வந்து சொன்னார். எனக்கு மனசு தாங்கவில்லை. அந்த மனிதர் தலை கவிழ்ந்து நடந்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான்.

பென்ஷன் பாஸானதும் இடக்கொச்சிக்காரர் வந்தார். பஸ் ஏறி, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கரிமீன் பொட்டலத்தோடு சந்துக்குள் நுழைந்தார். அன்று அண்ணாச்சிக்கு விடுமுறை. வந்தவர் வணக்கம் சொல்லவில்லை, நன்றி சொல்லவில்லை. நேராகச் சமையலறை வரை நடந்து, மதினி போட்ட பலகையில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"கை காட்டெடா."

அண்ணாச்சி நீட்டினார். தன் பல் பதிந்த தழும்பை அவர் விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல கடி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் கயிற்றில் போட்டிருந்தது எந்த முடிச்சு என்று சண்டை போடத் தொடங்கினார்கள். ஊரில் இப்போது தன் பேரன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் கதை கேட்க வந்து உட்காருவதாக அவர் சொன்னார். அண்ணாச்சி கயிற்றைப் பிடித்த கட்டத்தையும் விடாமல் சொல்கிறாராம்.

அப்போதுதான் அவர் கண் அலமாரிக்குப் போனது. அந்த டப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்குமா? முகாமில் அடுத்த கட்டில்காரர் ஆயிற்றே.

"ராஜாவு எந்தா சுவரு நோக்கி நிக்கணே?"

மதினிதான் மெதுவாகச் சொன்னாள்: "முகம் நோக்க வெட்கமாம். கள்ளம் பறஞ்சதுக்கு."

இடக்கொச்சிக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மகளின் கையை விலக்கிவிட்டு எழுந்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு, டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தார். துருப்பிடித்த காதைத் தன் துண்டால் துடைத்தார். ராஜாவின் முகம் எங்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"ராஜாவின்டெ கொடி இறக்கியது ஞானாக்கும். நீயல்ல. ஞான் பறயுந்நு, ராஜாவு க்ஷமிச்சு" என்றார். ராஜா மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு மூடியைத் திறந்து ஒரு அச்சப்பத்தை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தார். ஒன்றைத் தான் கடித்தார்.

அண்ணாச்சி அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு டப்பாவைப் பார்த்தபடி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து, தாடைக் கீறலில் இறங்கியது. நான் மதினியின் தோளை இடித்து, "ரெண்டும் நல்ல கூறு கெட்டதுக, மதினி" என்றேன்.

இடக்கொச்சிக்காரர் காதில் 'கூறு' மட்டும் விழுந்துவிட்டது. வாய் நிறைய அச்சப்பத்தோடு என் பக்கம் திரும்பி, ஆமாம், கூறேதான் என்று பெருமையாகத் தலையை ஆட்டினார்.

"அதெ மோளே. கூறு. கூறு தன்னெ."

நான் அர்த்தம் சொல்லித் திருத்தப் போகவில்லை.